எப்சன் பி700: சாயமில்லாத கறுப்பு வெள்ளைக்கு

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதிப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். அதில் புகை, சாம்பல், மல்லிகை எல்லாமே நடுச்சாம்பலில்தான் உயிர்வாழ்கின்றன. அந்த நடுச்சாம்பல் பச்சையோ ரோஸோ அடித்தால் படமே போச்சு.

சாதாரண இங்க்ஜெட் சாம்பலைப் பெரும்பாலும் சயான், மஜெந்தா, மஞ்சளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. ஒன்று துளி கூடினாலும் சாயம் ஏறிவிடும். விளக்கு மாறினால் அந்தச் சாயமும் மாறும். 2020இல் வந்த எப்சன் பி700 பிரிண்டரில் கறுப்போடு சாம்பல், வெளிர்சாம்பல் மைகளும் உண்டு. கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளில் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் படத்தின் பெரும்பகுதியை இவைதான் சுமக்கும். கரி நிறமி இயல்பாகவே சற்றுப் பழுப்பு. அதைச் சமன் செய்யும் அளவுக்கு மட்டும் வண்ண மை சேரும். ஏ3+ அளவு வரை வீட்டில் அச்சிட இதுவே எங்கள் தேர்வு.

பலர் சறுக்குவது அமைப்பில். ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ முறை, காகிதத்துக்கேற்ற வண்ணக் குறிப்புக் கோப்பான ஐசிசி புரொஃபைலைப் பயன்படுத்தாது. ஃபோட்டோஷாப்பில் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்றுதான் கொடுக்க வேண்டும். டிரைவரில் சாயலைத் தீர்மானிக்கும் டோனிங் ‘நியூட்ரல்’. காகித வகையைச் சரியாகச் சொல்லுங்கள்: மேட் காகிதத்துக்கு மேட் பிளாக், கிளாசிக்கு ஃபோட்டோ பிளாக் என இரண்டு கறுப்பு மைகள் உண்டு; எது என்பதை அதை வைத்துத்தான் பிரிண்டர் முடிவு செய்கிறது. மேட் காகிதத்தைப் போட்டுவிட்டுக் கிளாசி என்று கொடுத்தால் ஃபோட்டோ பிளாக் இறங்கி, கறுப்பு புகைபடிந்ததுபோல் வெளிறும். பழைய மாடல்களில் இரண்டு கறுப்புக்கும் ஒரே நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) வரிசை. மாற்றும்போதெல்லாம் மை வீணாகும். இதில் தனித்தனி வரிசை என்பதால் அந்தச் செலவு இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளை நீலமாகத் தெரிகிறதா? பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள். மலிவான கிளாசி காகிதங்களில் ஒளிரூட்டும் ரசாயனம் இருக்கும். அது புறஊதாவை வாங்கி நீலமாக உமிழும். ஜன்னலோரம் நீலம், புறஊதா தடுக்கும் கண்ணாடிக்குள் மஞ்சள். கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் 310 கிராம் காகிதத்தில் அந்த ரசாயனம் இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வேறு எதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

வெளிச்சமும் முக்கியம். பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு; அதன் கீழ் எந்தச் சாம்பலும் நீலம் தட்டிக் குளிர்ந்தே தெரியும். 5000 கெல்வின் விளக்கில் மதிப்பிடுங்கள். அதுவும் உடனே வேண்டாம், ஒருநாள் காய விடுங்கள். 21 படிச் சாம்பல் பட்டை ஒன்றை அச்சிட்டு, சாயம் மிச்சமிருந்தால் டிரைவரின் வண்ண வட்டத்தில் புள்ளியை எதிர்த்திசையில் சிறிதே நகர்த்தி மறுபடி அச்சிடுங்கள். நிழல் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் டோனை ஒரு படி வெளிச்சமாக்குங்கள். ஒரு காகிதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் காகிதம் சுருண்டு, ஓரத்தில் பிரிண்ட் ஹெட் உரசிக் கறை விழும். கேமராவுக்கு டிரை பாக்ஸ் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்திருப்பவர்கள் காகிதத்தையும் உறையோடு அதிலேயே வைக்கலாம், 40 முதல் 50 சதவீதத்தில். வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். நாசில் அடைப்பைக் காட்டும் ‘நாசில் செக்’ அச்சில் வெளிர்சாம்பலில் ஒரு கோடு விட்டாலும் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பெரிய குறை மை கார்ட்ரிட்ஜ்: 25 மில்லி மட்டுமே. மாதம் பத்துப் பெரிய படங்களுக்கு மேல் போடுபவர்கள் 50 மில்லி கார்ட்ரிட்ஜ் உள்ள எப்சன் பி900ஐயே வாங்கிவிடுங்கள்.