புதுக் கிட்டார் கைக்குப் பழக: மெல்லிய கம்பியா, செட்டப்பா?

புதிதாக வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டார் கைக்கு அடங்கவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. விரல் காய்க்கும்வரை அப்படியே வாசிப்பது, கம்பியை மெல்லியதாக மாற்றுவது, முறையாக ஒரு செட்டப் (கம்பியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரிசெய்வது) செய்வது. மூன்றையும் இதே வரிசையில் செய்து பார்த்தேன். செட்டப்பைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் வழியைப் பற்றிப் பேச அதிகமில்லை. விரல் நுனி வலி சில வாரங்களில் தானாகக் குறையும். ஆனால் வலி வேறு, அழுத்தம் போதாமல் போவது வேறு. விரல் நன்றாகக் காய்த்த பிறகும் எஃப் கார்டில் (ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு) முதல் இரண்டு கம்பிகளும் 'டொக்' என்று செத்துக் கிடந்தன. பத்து நிமிடத்தில் கட்டைவிரலின் அடிச்சதை கடுக்க ஆரம்பித்துவிடும். பழைய கிட்டாரில் இதே கைதானே இதே கார்டைப் பிடித்தது என்று யோசித்தபோதுதான் குறை கையில் இல்லை என்று புரிந்தது.

அப்புறம் கம்பி. என் கிட்டாரோடு வந்தது லைட் எனப்படும் 12-53 செட். ஒன்றாம் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, ஆறாம் கம்பி 53 பங்கு. அதைக் கழற்றிவிட்டு 10-47 எக்ஸ்ட்ரா லைட் போட்டேன். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை லைட் செட்டில் சுமார் 70 கிலோ. எக்ஸ்ட்ரா லைட்டில் 60 கிலோவை ஒட்டித்தான் வரும். முதல் நாளே கை லேசாகிவிட்டது. பெண்ட் செய்வதெல்லாம் (கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுவது) சுலபம்.

ஆனால் ஆறாம் கம்பியின் கனம் போய்விட்டது. ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் சுருதி ஒரு நொடி மேலே ஏறி இறங்கும். இழுவை குறைந்ததால் கழுத்து சற்று நிமிர்ந்து, கீழ் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் தலைப்பக்கம் உள்ளவை) கம்பி உரசி 'ஸ்ஸ்' என்று இரைந்தது. எஃப் கார்டு முன்பைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். அந்தக் கம்பியில் ஆறு வாரம்தான் வாசித்தேன், அதுவும் பெரும்பாலும் பிக் வைத்து. விரலால் மென்மையாக மீட்டுபவர்களுக்கு இந்தக் குறைகள் இவ்வளவு தெரியாமலும் போகலாம்.

ஒருநாள் பாட்டின் சுருதிக்காக முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினேன். அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்ததும் ஆறு கம்பிகளும் கணீரென்று பேசின. கம்பியும் அதேதான், கையும் அதேதான். கேப்போ போட்டதும் ஆட்டத்திலிருந்து விலகியது ஒன்றே ஒன்று: நட்.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்னத் துண்டுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதிலுள்ள பள்ளங்களை ஒருமுறை ஆழமாக அறுத்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் பல கிட்டார்கள் பள்ளம் கொஞ்சம் மேலாகவே இருக்கும்படி வெளிவருகின்றன. நட் உயரமாக இருந்தால் அதை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில்தான் கம்பியை அதிகம் அழுத்த வேண்டும். எஃப் கார்டு பிடிப்பதும் அங்கேதான். கம்பி அவ்வளவு தூரம் கீழே வளைவதால் சுருதியும் ஏறுகிறது. திறந்த கம்பிகளைச் சரியாகச் சேர்த்து வைத்திருந்தாலும் ஒன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் என் ட்யூனரின் முள் வலப்பக்கம் தள்ளி நின்றது. மெல்லிய கம்பி போட்டாலும் இந்த உயரம் அப்படியேதான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரி. என் கிட்டாரில் ஒரு விசிட்டிங் கார்டே நுழைந்தது.

செட்டப் செய்தவர் முதலில் கழுத்தைப் பார்த்தார். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, பதினான்காவதில் விரல், ஏழாம் ஃப்ரெட்டின் மேல் இடைவெளி சுமார் 0.2 மி.மீ. வரும்படி கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அப்புறம் நட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற அரம். இரண்டு இழுப்பு, கம்பியைத் திரும்ப உட்காரவைத்து ட்யூன் செய்து பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. அவசரமே இல்லை. கடைசியாகத்தான் சேடில், அதாவது மறுமுனையில் கிட்டாரின் உடல்மேல் கம்பிகள் உட்காரும் துண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் உயரம் அரை மி.மீ. குறைய வேண்டும் என்றால் சேடிலின் அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். இப்போது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 2.4 மி.மீ., ஒன்றாம் கம்பி 1.8 மி.மீ. பழையபடி 12-53 கம்பியையே போட்டுத் தந்தார். எஃப் கார்டு அன்றைக்கே ஒலித்தது, ஆறாம் கம்பியின் கனமும் திரும்ப வந்துவிட்டது.

செட்டப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பள்ளம் அதிகம் ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி இரையும். பள்ளத்தை நிரப்ப வேண்டும் அல்லது நட்டையே மாற்ற வேண்டும். சேடிலைத் தேய்ப்பதற்குப் பதில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி, பழையதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சேடிலுக்கு அடியில், அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் இருந்தால் சேடிலின் அடிப்பாகம் துளியும் கோணாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பிக்குக் கம்பி சத்தம் மாறும். காற்றின் ஈரப்பதம் கூடும்போது மேல்பலகை உப்பி, ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷன் கொஞ்சம் ஏறும். 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் செட்டப் நிலைக்கும்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு மெல்லிய கம்பியும் வேண்டும். அவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். மற்றவர்கள் கம்பியை மாற்றுமுன் அந்தக் கேப்போ சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். அடுத்த முறை நான் 11-52 போட்டுப் பார்க்கப் போகிறேன். 12-க்கு அறுத்த பள்ளத்தில் அது சிக்கல் இல்லாமல் உட்காரும் என்று செட்டப் செய்தவர் சொல்லியிருக்கிறார். 13 போடுவதாக இருந்தால் மட்டும் கிட்டாரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.