கண்ணாடி புரோட்ராக்டர்: ரெக்கார்டின் கடைசிப் பாட்டுக்காகவே வாங்கலாம்

ரெக்கார்டில் முதல் பாட்டு சுத்தமாகப் பாடி, கடைசிப் பாட்டு மட்டும் கரகரத்தால் உடனே தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முள் பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்ப்பதற்கான சாமான்தான் இந்தப் புரோட்ராக்டர், அதாவது கோணமானி: நடுத்துளையை டர்ன்டேபிளின் நடுக் குச்சியான ஸ்பிண்டிலில் மாட்டி வைக்கும் ஒரு அக்ரிலிக் கண்ணாடித் தகடு. இரண்டு இடத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் வாங்கினேன், கூரியரோடு சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது.

எங்க அப்பா வீரவநல்லூரில் மைக் செட் வைத்திருந்தவர். அம்மன் கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட ரெக்கார்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜை மாட்டினால் மாட்டியபடிதான், யாரும் கோணம் பார்த்ததில்லை. குழாய் ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் கேட்கவும் கேட்காது. இப்போது நான் மாட்டியிருப்பது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. அதன் முள் உருண்டை இல்லை, நீள்வட்டம். அதனால் கோணம் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

ரெக்கார்டை வெட்டும் இயந்திரத்தில் முனை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டு டர்ன்டேபிளின் கையோ, கீலில் திரும்பும் கதவு போல வளைந்து வருகிறது. அதனால் தட்டின் மேல் இரண்டே இடங்களில்தான் முள் பள்ளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்த முடியும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைத்தால் ஒலிச் சேதாரம் குறைவு என்ற கணக்கை லோஃப்கிரென் என்ற ஆய்வாளர் 1938-லும் பேயர்வால்ட் 1941-லும் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பிண்டிலின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 120.9 மில்லிமீட்டர். தகட்டோடு வந்த துண்டுக் காகிதத்தில் இது எந்தக் கணக்கு என்று ஒரு வார்த்தை இல்லை, அது பெரிய குறை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். உள் புள்ளி 66-லும் வெளிப் புள்ளி 121-க்கு ஒரு மயிரிழை முன்னேயும் நின்றன. பேயர்வால்ட்தான்.

கடைசிப் பாட்டு ஏன் முதலில் கெடுகிறது? பெரிய தட்டான எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும்போது வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் கடக்கிறது. உள் ஓரத்தில் 21தான். அதே சங்கதியை அங்கே பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் அந்த இடத்தில் பிசிறடித்தால் எனக்குத் தாங்காது. எங்கள் பக்கத்து மனிதர், அவர் வாசிப்பைப் பழுதில்லாமல் கேட்டாக வேண்டும்.

வேலை இப்படி. மோட்டார் ஓடக்கூடாது. கையை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள், இல்லையென்றால் கை இழுத்துக்கொண்டு போகும். முள் அழுத்தத்தை முன்கூட்டியே 2 கிராமுக்கு வைத்துவிடுங்கள், ஓடும்போது முள் எப்படித் தணிந்து நிற்குமோ அப்படியே அளக்க வேண்டும். உள் புள்ளியில் முள்ளை இறக்கி, கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்க்காமல் முள்ளைத் தாங்கும் மெல்லிய அலுமினியக் குழாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் உடம்பு நேராக இருந்தும் அந்தக் குழாய் லேசாகக் கோணி இருப்பது உண்டு. கண்ணாடி உதவுவது இங்கேதான். குழாயும் கண்ணாடியில் தெரியும் அதன் நிழலும் ஒரே கோடாகி, அந்தக் கோடு கட்டத்தின் கோட்டோடு ஒட்டி ஓடினால் சரி. நிழல் ஒரு பக்கம் பிதுங்கித் தெரிந்தால் நம் தலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதே கட்டத்தை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த காகிதத்தில் இந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று பிரிண்டர் அளவையே சுருக்கிவிடும்.

உள் புள்ளியில் சரியானதும் வெளிப் புள்ளியில் பாருங்கள். அங்கே கோணினால் கார்ட்ரிட்ஜை, அது மாட்டியிருக்கும் கையின் நுனியான ஹெட்ஷெல்லின் காடியில் கொஞ்சம் முன்னே தள்ளி, மறுபடி உள் புள்ளியில் நேராக்கிவிட்டு வாருங்கள். கோணல் கூடினால் பின்னே இழுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கைபேசி டார்ச்சும், வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் லென்ஸும் இருந்தால் வேலை சுளுவு. திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்குங்கள். கடைசி அரைத் திருப்பில்தான் கார்ட்ரிட்ஜ் நகரும்.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவன், சுசீலா பாடிய ஈபி (45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டு) ஒன்றைப் போட்டதும் சொன்னான்: "மாமா, முன்ன இந்தம்மா பாடுதப்போ இஸ்ஸு இஸ்ஸுனு சீறும்லா? இப்ப சத்தமே இல்லியே!" அவனுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஈபி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. அதன் பள்ளம் மையத்துக்கு இன்னும் நெருக்கமாக, 54 மில்லிமீட்டர் வரை வரும். உள் புள்ளியை 60.3-இல் வைக்கும் ஸ்டீவன்சன் கணக்குத் தகடு அவர்களுக்குப் பொருத்தம். எல்பியும் கலந்து கேட்கிற எனக்கு இதுவே போதும், 45 சுற்று வேகம் உள் ஓரத்தையும் ஓரளவு காப்பாற்றிவிடுகிறது.

கோடுகள் இன்னும் மெலிதாக இருந்திருக்கலாம், குழாயின் பருமனுக்கு இவை தடிப்பு. ஆனால் துளை ஸ்பிண்டிலில் ஆடாமல் இறுக்கமாக உட்காருகிறது, அதற்கே பாதி மார்க். அரை மில்லிமீட்டர் ஆடினாலும் அளவு பொய்யாகிவிடும். வாங்குமுன் தடிமன் கேளுங்கள். இது 2 மில்லிமீட்டர், ஏறக்குறைய ரெக்கார்டின் கனம். 5 மில்லிமீட்டர் தகடு என்றால் வேண்டாம், முள் ரெக்கார்டில் நிற்கும் உயரத்தில் நிற்காது. வந்ததும் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், முள்ளைப் புள்ளியில் வைத்தபின் பக்கவாட்டில் இழுக்கவே இழுக்காதீர்கள்.