ஃபிரிட்ஜில் ஐஸ் விழவில்லையா? "கேஸ் போய்விட்டது" என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்

கதவிலேயே ஐஸும் குளிர்ந்த தண்ணீரும் வரும் பெரிய ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள். தண்ணீர் வரும் வழியில் இருந்த ஓர் அடைப்புக்கு, கேஸ் (குளிரூட்டும் வாயு) நிரப்பினோம், போர்டு (ஃபிரிட்ஜை இயக்கும் மின்சுற்று அட்டை) மாற்றினோம் என்று சொல்லி எங்களிடம் 11,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். கேஸும் நிரப்பவில்லை, போர்டும் மாற்றவில்லை. இது என் சந்தேகம் அல்ல. இரண்டுக்கும் ஃபிரிட்ஜின் பின்பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. கோடை தொடங்கியபோதே ஐஸ் கட்டிகள் சிறுத்துக்கொண்டு வந்தன. பிறகு நடுவில் பள்ளம் விழுந்த சில்லுகளாக வந்தன. கடைசியில் அதுவும் நின்றுபோனது. கதவில் டம்ளரை வைத்து அழுத்தினால் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. ஆனால் ஃப்ரீசரில் எந்தக் குறையும் இல்லை. வஞ்சிரம் கல்லாக இருந்தது, ஐஸ்கிரீமில் கரண்டி இறங்கவில்லை, கதவில் உள்ள பலகை மைனஸ் 18 என்று காட்டியது. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன பொய் முழுவதும் இதில்தான் உடைகிறது.

கம்பெனி பெயரோடு "சர்வீஸ்" என்று இணையத்தில் தேடியதும் முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தோம். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லி, "கஸ்டமர் கேர்" என்றுதான் பேசினார். ஃபிரிட்ஜின் சீரியல் எண்ணைக் கேட்கவில்லை. எப்போது வாங்கினோம், வாரண்டி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டார். உண்மையான கம்பெனியில் புகார் பதிந்தால் குறுஞ்செய்தியில் புகார் எண் வரும். இங்கே எண் வரவில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர்.

மூத்தவர் ஃப்ரீசருக்குள் கையை விட்டார், எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். "கேஸ் இறங்கிவிட்டது அம்மா. இப்படியே ஓடவிட்டால் கம்ப்ரசர் போய்விடும்." என் மாமியார் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஏன் தம்பி, மீன் கல்லாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். அதற்கு அந்த ஆள் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்ன பதில்: "அது நேற்றைய குளிர், பாட்டி."

நேற்றைய குளிராம்! சென்னைக் கோடையில் குளிரைச் சேமித்து வைக்கும் வித்தை யாருக்காவது தெரிந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பிறகு ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டு, பின்னால் உட்கார்ந்து, ஒரு சின்ன டப்பாவையும் குழாயையும் வைத்துக்கொண்டு ஏதோ செய்தார்கள். அதன்பின், "போர்டும் அடிவாங்கியிருக்கிறது, கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும்" என்று அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இந்தத் திருட்டின் உயிர்நாடி இந்த இடம்தான். போர்டு அவர்கள் பையில். ஃபிரிட்ஜ் அணைந்து கிடக்கிறது. உள்ளே ஒரு வாரத்துச் சாமான். அதன்பின் யார் பேரம் பேச முடியும்? மாலையில் குமிழ்த்தாள் சுற்றிய போர்டோடு திரும்பி வந்தார்கள், மாட்டினார்கள், விளக்கு எரிந்தது. பணத்தைக் கம்பெனிக் கணக்குக்கு வாங்கவில்லை. ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த யுபிஐ குறியீட்டைக் காட்டினார்கள்.

ஐஸ் மட்டும் விழவே இல்லை. "புது போர்டு செட் ஆக நாள் பிடிக்கும்" என்றார்கள். அடுத்த முறை கூப்பிட்டபோது மறுபடியும் வருகைக் கட்டணம் கேட்டார்கள். அதற்குப் பிறகு எண் அணைந்துவிட்டது. அதற்குள் ஃப்ரீசரின் பின்சுவரில் பனி அப்பத் தொடங்கியிருந்தது. முன்பு அந்தத் தொல்லை எங்களுக்கு இருந்ததே இல்லை.

இனி ரசீதைப் பாருங்கள். "கேஸ் சார்ஜிங், 400 கிராம்" என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில், கேஸ் ஆர்600ஏ, அளவு 72 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. 72 கிராம் கொள்ளும் இடத்தில் 400 கிராமை எப்படி அடைத்தார்கள் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. ரசீதின் தலையில் ஒரு ஜிஎஸ்டி எண் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 13 எழுத்துதான். உண்மையான ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33 என்று தொடங்கும். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், தாங்கள் எந்தக் கம்பெனியையும் சேர்ந்தவர்கள் அல்ல என்று ஒரு வரி. போனில் கம்பெனி பெயர், தாளில் கைகழுவல்.

பிறகு ஃபிரிட்ஜோடு வந்த வாரண்டி அட்டையில் உள்ள எண்ணில் புகார் பதிந்து, கம்பெனியின் ஆள் வந்தார். அவர் முதலில் கம்ப்ரசர் பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். கேஸ் நிரப்புவதற்கென்று கம்ப்ரசரில் ஒரு சின்னச் செம்புக் குழாய் உண்டு. தொழிற்சாலையிலேயே அதன் முனையை நசுக்கி அடைத்துவிடுவார்கள். கேஸ் மாற்ற வேண்டுமென்றால் அதை வெட்டி, வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுத்தெடுத்து, எடைபோட்டு நிரப்பி, மறுபடி அடைக்க வேண்டும். எங்கள் குழாயில் தொழிற்சாலைக் கறுப்புப் பூச்சுகூட உரியவில்லை. வந்தவர்களிடம் வாக்குவம் பம்பும் இல்லை, தராசும் இல்லை. ஒருவேளை அவர்கள் உண்மையாகவே நிரப்பியிருந்தால் அது இன்னும் பயங்கரம். ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. அரைகுறை ஆட்கள் சமையலறையில் விளையாடும் பொருள் அல்ல அது.

"புது" போர்டின் ஓரத்தில் 2021 என்று தயாரிப்பு ஆண்டு இருந்தது. நாங்கள் ஃபிரிட்ஜ் வாங்கிய ஆண்டும் அதுதான். எங்கள் போர்டையே துடைத்து, குமிழ்த்தாளில் சுற்றி, எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். அதற்குமேல் ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றியதில் இரண்டு கொக்கிகளை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடைவெளிதான் பனிக்குக் காரணம் என்றார்.

உண்மையான கோளாறுக்கு அவர் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. ஃபிரிட்ஜுக்குப் போகும் வெள்ளைக் குழாயைக் கழற்றி ஒரு சொம்பில் விட்டார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதே குழாயில், சுவர் ஓரமாக மாட்டியிருந்த ஃபில்டரை எடுத்துவிட்டுத் திறந்தார். சொம்பு தளும்பியது. ஃபில்டரைக் கவிழ்த்தபோது லாரித் தண்ணீர் கொண்டுவந்த செம்மண் நிறச் சேறு வழிந்தது. புது ஃபில்டர் மாட்டி, ஐஸ் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயின் வாயில் உறைந்திருந்த பனியையும் உருக்கிவிட்டார். மறுநாள் காலை ஐஸ் விழுந்தது. பின்தகட்டுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இந்த ஐஸ் இயந்திரம் ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. ஒரு மின்வால்வு திறந்து தட்டில் தண்ணீரை விடுகிறது. உறைந்துவிட்டது என்று சென்சார் சொன்னதும் தட்டு முறுக்கிக் கவிழ்க்கிறது, அல்லது ஒரு கரண்டி தள்ளிவிடுகிறது. கட்டிகள் கீழே உள்ள பெட்டியில் சேர்கின்றன. நாம் அழுத்தும்போது பெட்டியில் இருக்கும் சுருள்கம்பி சுற்றி வெளியே தள்ளுகிறது. ஆகவே யாரையும் கூப்பிடுமுன் எங்கே நிற்கிறது என்று நாமே பார்த்துவிடலாம். ஃப்ரீசரில் சாமான் கல்லாக இருந்தால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை. கதவுத் தண்ணீரும் மெலிந்திருந்தால் குழாய், ஃபில்டர், அழுத்தம், இவற்றில் ஒன்று. பத்து வினாடியில் ஒரு சாதாரண டம்ளர் நிரம்பவில்லை என்றால் போதாது. தண்ணீர் நன்றாக வந்து ஐஸ் மட்டும் இல்லை என்றால், முதலில் பலகையில் "ஐஸ் ஆஃப்" விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், சிறுவர்கள் அழுத்தியிருப்பார்கள். இல்லையென்றால் ஊற்றும் குழாய் உறைந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தால் உருகும். கத்தி, திருப்புளி வைத்துக் குத்தாதீர்கள். பெட்டியில் ஐஸ் இருந்தும் வெளியே வரவில்லை என்றால், கட்டிகள் ஒட்டிப் பாறையாகியிருக்கும். பெட்டியை எடுத்துக் கொட்டிவிட்டுத் திருப்பி வையுங்கள். எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காவிட்டால் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறந்திருந்தால் அது வேலை செய்யாது.

நம் ஊர்களுக்கென்றே ஒரு தனிச் சங்கடம் உண்டு. இந்த ஃபிரிட்ஜ்கள் பலவற்றுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அந்த அழுத்தம் கிடைக்க, தொட்டி குழாய்க்கு மேலே ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது தலைக்குமேல் நாலைந்து மாடி. மேல்தளத்து வீட்டுக்காரர்கள் அழுத்தப் பம்ப் இல்லாமல் ஐஸை எதிர்பார்ப்பது வீண். எங்கள் அடுக்ககத்தில் பம்ப் இருப்பதால்தான் இத்தனை நாள் ஓடியது. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து இணைப்பு எடுத்திருப்பவர்களுக்கும் இதே பிரச்சினை வரும். விற்கும்போது கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

சர்வீஸ் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ, ஃபிரிட்ஜின் உட்புறத் தாளிலிருந்தோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். போனிலேயே "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று சொன்னால் உடனே வையுங்கள். அது ஃபிரிட்ஜுக்கு அல்ல, வங்கிக் கணக்குக்கு வைக்கும் குறி. அப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எந்தப் பாகத்தையும் வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக விடாதீர்கள். மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ரசீது, யுபிஐ விவரம், 2021 போர்டின் படம், கம்பெனி ஆள் எழுதிக்கொடுத்த குறிப்பு, எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். தென்சென்னையில் வேறு யாரிடமாவது 400 கிராம் கேஸ் ரசீது இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். நீங்களும் 1915-இல் பதியுங்கள்.