மைக்கோபாக்டீரியாவுக்கு மால்டி-டாஃப்: மூன்று வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

மால்டி-டாஃப் என்பது கிருமியின் புரதங்களை லேசர் கொண்டு அளந்து அதன் பெயரைச் சொல்லும் கருவி. "காசநோய் கல்ச்சருக்கும் (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கிருமிக்கும்) மால்டி-டாஃப் உதவுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். உதவும், எங்கள் ஆய்வகத்தில் அது இல்லாமல் இப்போது வேலை ஓடாது. ஆனால் விற்பனைக்கு வருபவர் காட்டும் டெமோவை மட்டும் நம்பி இறங்காதீர்கள், ஏனென்றால் அவர் காட்டுவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற சாதாரணக் குடல் பாக்டீரியா. அதில் காலனியைக் குச்சியால் தொட்டு பிளேட்டில் தடவி ஒரு சொட்டு மேட்ரிக்ஸ் (லேசரை உறிஞ்சும் கரைசல்) விட்டால் போதும், சில நிமிடத்தில் பெயர் வந்துவிடும்.

காசநோய்க் கிருமியும் அதன் உறவினங்களும் அடங்கிய மைக்கோபாக்டீரியாவுக்கு மைக்கோலிக் அமிலம் நிறைந்த மெழுகுச் சுவர். அதை உடைத்தால்தான் ரைபோசோம் புரதங்கள் வெளியே வரும், கருவி அளப்பதோ முக்கியமாக அந்தப் புரதங்களைத்தான். அதனால் முதலில் 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிறோம் (நம் பாதுகாப்புக்கு இது கட்டாயம்), எத்தனாலில் கழுவி உலரவிட்டு, சிலிக்கா மணிகளும் அசிட்டோநைட்ரைலும் போட்டு வோர்டெக்ஸில் நன்றாக ஆட்டி, 70% ஃபார்மிக் அமிலம் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிவிலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்து வைக்கிறோம். முதல் மாதம் பாதிக்குப் பாதி 'பீக் இல்லை' (புரதம் எதுவும் தெரியவில்லை) என்றே வந்தது. எத்தனால் முழுசாக உலர்வதற்குள் அடுத்த படிக்குப் போனதுதான் காரணம், அப்புறம் கல்ச்சரும் கொஞ்சமாகத்தான் எடுத்திருந்தோம். இரண்டையும் சரி செய்ததும் ஸ்கோர் (பெயரை எவ்வளவு நம்பலாம் என்று கருவி தரும் மதிப்பெண்) ஏறிவிட்டது. மற்ற பாக்டீரியாவுக்கு 2.0 கேட்கும் இடத்தில் மைக்கோபாக்டீரியாவுக்கு 1.8-ஐப் பல ஆய்வகங்கள் ஏற்கின்றன, நாங்களும் அப்படித்தான்.

எனக்கு இது உண்மையிலேயே பிடித்துப்போனது லேப்ராஸ்கோப்பி செய்த துளையில் ஆறாத புண்ணோடு வருபவர்களின் மாதிரிகளால். முன்பு எம்பிடி64 அட்டையில் (காசநோய்க் கிருமியின் ஒரு புரதத்தைக் காட்டும் விரைவுச் சோதனை) 'காசநோய்க் கிருமி இல்லை' என்பது வரைக்கும்தான் சொல்ல முடியும், பெயருக்கு மாதிரியை வெளியே அனுப்பிக் காத்திருப்போம். இப்போது காலனி வந்த அன்றே ஃபார்ச்சுயிட்டமா, அப்செஸஸா (இரண்டும் காசநோய் தராத மைக்கோபாக்டீரியா) என்று டாக்டருக்குப் போன் செய்துவிடுகிறேன். அப்செஸஸுக்கு வழக்கமான காசநோய் மாத்திரைகள் வேலை செய்யாது, ஆகவே அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. சளியிலிருந்து நேரடியாகச் செய்ய முடியாது, எம்ஜிஐடி குழாயிலோ (திரவ ஊடகம்) எல்ஜே ஸ்லோப்பிலோ (திட ஊடகம்) கிருமி வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். காசநோய் தரும் நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்குள் டியூபர்குளோசிஸா, போவிஸா என்று பிரிக்காது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி எதிர்ப்பு காட்டுமா என்று ஒன்றும் சொல்லாது, அதற்கு ஜீன்எக்ஸ்பர்ட்டோ லைன் புரோபோ (மரபணுச் சோதனைகள்) வேண்டும். நெருங்கிய இனங்களான இன்ட்ராசெல்லுலாரேயையும் கைமீராவையும் குழப்பிக்கொள்ளும். அப்செஸஸின் துணையினங்களையும் நம்பிப் பிரிக்க முடியவில்லை, இதுதான் எனக்கு அதிக வருத்தம், மசிலியென்சே என்ற துணையினம் என்று தெரிந்தால் கிளாரித்ரோமைசின் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு அதிகம் அல்லவா.

மாதத்துக்கு நாலைந்து கல்ச்சர்தான் வளர்கிறது என்றால் இதற்காக மட்டும் கருவி வாங்க வேண்டாம், வெளியே அனுப்புங்கள். மற்ற பாக்டீரியாவுக்காக ஏற்கெனவே கருவி இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். கொட்டேஷன் கேட்கும்போது மட்டும் மைக்கோபாக்டீரியா லைப்ரரி (கருவி ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் தரவுத் தொகுப்பு) விலையில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.