போக்கிமான் எமரால்ட்: தரை இருக்கிற வரை தங்கம்

போக்கிமான் எமரால்ட் என்ற வீடியோ கேமை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை முடித்திருக்கிறேன். ஒரு முறை முடிக்கத்தான் நினைத்தேன். கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று கைக்கு வந்ததும், இணையத்தில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன், மற்றவர்கள் சொன்ன விலையில் பாதிகூட இல்லை, அப்போதே மூளை வேலை செய்திருக்க வேண்டும். முதல் போக்கிமானாக டார்ச்சிக்கை எடுத்து, ஊர் ஊராக ஜிம் என்ற சண்டைக் கூடங்களில் ஜெயித்து 8 பேட்ஜ் வாங்கி, கடைசிப் போட்டியான லீக்கில் நான்கு பேரையும் சாம்பியனையும் அடித்து, பெயர்ப் பட்டியல் ஓடி முடிகிற வரை பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் போட்டால் திரையில் 'புது ஆட்டம்' மட்டும் இருக்கிறது. போலிச் சரக்குக்கு இது பேர்போன வியாதியாம். வழியெல்லாம் ஒழுங்காக சேவ் ஆகும், வென்றவர்கள் பட்டியலில் பதிவு செய்கிற அந்தக் கடைசி நிமிடத்தில் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது முறை அசல் வாங்கினேன். கார்ட்ரிட்ஜின் கீழ்ப்பக்கம், தங்க நிறத் தகடுகளுக்கு மேலே உள்ள சந்தில் எட்டிப் பார்த்தால் பலகையில் நின்டெண்டோ என்று அச்சடித்திருக்க வேண்டும். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தால் இரண்டு எண்கள் மெல்ல அழுத்திப் பதிந்திருப்பது தெரியும். இந்த இரண்டையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அசலாகவே இருந்தாலும் உள்ளே இருக்கிற பேட்டரி இந்நேரம் செத்திருக்கும், ஆட்டத்தைத் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடும். பயப்பட வேண்டாம், சேவ் தனியாக ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். ஆனால் கடிகாரம் நின்றால் நட்டு வைத்த பெர்ரி முளைக்காது, ஷோல் குகையில் அலை ஏறாது இறங்காது. சிஆர் 1616 பேட்டரி, பற்றவைத்து மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை, பெர்ரி இல்லாமலே வாழ்ந்துவிட்டேன்.

சரி, கேமுக்கு வருவோம். ரூபி, சஃபையர் இரண்டும் 2002இல் ஜப்பானில் வந்தன. அவற்றைச் சேர்த்து, மெருகேற்றி, கூடுதல் சமாச்சாரங்களோடு 2004இல் வந்தது எமரால்ட், இயக்கியவர் ஷிகெகி மோரிமோட்டோ. கதை நடக்கும் ஹோயென் என்ற நிலம் ஜப்பானின் கியூஷூ தீவைப் பார்த்து வரைந்தது. தீவை அப்படியே பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நடுவில் எரிமலை, அதன் அடிவாரத்தில் சூடான மணலில் கழுத்து வரை புதைந்து கிடக்கும் பாட்டிகள், கிழக்கே தீவில் ராக்கெட் ஏவுதளம், எல்லாமே கியூஷூ பக்கத்தில் நிஜமாகவே இருப்பவை.

இந்த கேமின் உயிர் அந்த நிலத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பிடிப்பது, வளர்ப்பது, அடிப்பது எல்லாம் எல்லாப் போக்கிமானிலும் உண்டு. இதில்தான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடப்பதே ஒரு காரியமாக இருக்கிறது. 113ஆம் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைச் சாம்பல் பனி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும், புல்லெல்லாம் சாம்பல் நிறம். ஒரு கட்டத்தில் கால் வைத்தால் சாம்பல் உதிர்ந்து அந்த ஒரு கட்டம் மட்டும் பச்சையாகிவிடும். திரும்பிப் பார்த்தால் நாம் வந்த வழி பச்சைக் கோடாகத் தெரியும். பக்கத்தில் கண்ணாடிப் பட்டறை வைத்திருப்பவர் ஒரு பை கொடுப்பார், உதிர்த்த சாம்பல் அதில் சேரும். 250 சேர்ந்தால் நீலப் புல்லாங்குழல், 1000 சேர்ந்தால் கருப்புப் புல்லாங்குழல், 8000 சேர்ந்தால் மேஜை. மேஜையை வைத்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள், ரகசிய வீடு கட்டி அதில் போடலாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க 1000 சாம்பலுக்காக ஒரே புல்வெளியை உழுதுகொண்டிருந்தேன், அதில் ஒரு நிமிடம்கூட வீண் என்று தோன்றவில்லை. ககோஷிமாவில் சகுராஜிமா மலை சாம்பலைத் துப்பினால் ஊரே குடை பிடிக்கும் என்று படித்திருக்கிறேன், அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பாதையைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

119ஆம் பாதையும் அப்படித்தான். மழை கொட்டும், புல் ஆள் உயரம், சைக்கிளை உருட்டக்கூட முடியாது. அந்த ஆற்றில் ஃபீபாஸ் என்று ஒரு அசிங்கமான மீன், நூற்றுக்கணக்கான தண்ணீர்க் கட்டங்களில் வெறும் 6 கட்டங்களில் மட்டும் கிடைக்கும். இரண்டு சாயங்காலம் தூண்டில் போட்டேன், கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

அசல் கார்ட்ரிட்ஜில் முதல் போக்கிமானாக மட்கிப்பை எடுத்தேன், நான் வைத்த பெயர் கெளுத்தி. (ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும், 10 எழுத்துக்குள்.) 16ஆவது லெவலில் உருமாறியதும் நிலமும் நீரும் கலந்த வகையாகிவிடும், மின்சாரம் துளியும் ஏறாது. மாவ்வில் ஊரின் மின்சார ஜிம்மை வைத்திருக்கும் வாட்சன் தாத்தா ஒவ்வொரு அடிக்கும் வாய்விட்டுச் சிரிப்பவர், கெளுத்தியைப் பார்த்து அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் தடவை டார்ச்சிக்கோடு இதே இடத்தில் நான் பட்ட பாட்டுக்கு வட்டியும் முதலுமாக வசூல் ஆனது. 102ஆம் பாதையில் 4 சதவீத வாய்ப்பில் வரும் ரால்ட்ஸ், பாலைவனத்து டிராபின்ச், எலக்ட்ரைக், டெய்லோ, அப்புறம் ஜிக்ஜாகூன் என்று அணி அமைந்தது. நடுவில் அப்சால் கிடைத்ததும் அழகாக இருக்கிறதே என்று சேர்த்தேன், ஆனால் இந்தத் தலைமுறையில் ஒரு அடி உடல் பலத்தைச் சேர்ந்ததா சிறப்புப் பலத்தைச் சேர்ந்ததா என்பதை அதன் வகைதான் தீர்மானிக்கும், இருள் வகை மொத்தமும் சிறப்புப் பக்கம், அப்சாலுக்கோ பலமெல்லாம் உடலில். சொந்த வகை அடியே அதற்கு ஒத்துவரவில்லை, பெட்டியில் போட்டேன்.

ஐந்தாவது ஜிம், கதையில் நம்ம அப்பாவாக வரும் நார்மனுடையது. 4 பேட்ஜ் வாங்கிக்கொண்டு வா என்று ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அவருடைய கடைசி ஆள் ஸ்லேக்கிங், மொத்த பலத்தைக் கூட்டினால் 670, கதையின் கடைசியில் உலகத்தையே ஆட்டுகிற க்ரௌடானுக்கும் அதே 670தான். ஆனால் சோம்பேறி, ஒரு முறை அடித்தால் அடுத்த முறை படுத்துக்கொள்ளும். அது படுக்கும்போது நாம் அடிக்க வேண்டும், எழுந்திருக்கும்போது மருந்து ஊற்ற வேண்டும். இந்தத் தாளம் ஒரு அடி பிசகினாலும் காலி. எனக்கு மூன்று தடவை பிசகியது.

இந்தக் கதையில் என்னைத் தொட்டவன் வாலி. ஆரம்பத்தில் நம்ம அப்பாவிடம் போக்கிமான் கடன் கேட்டு வருகிற நோஞ்சான் பையன், முதல் ரால்ட்ஸைப் பிடிக்கக் கூடத் துணைக்குப் போவோம். உடம்பு சரியில்லை என்று நல்ல காற்றுள்ள வெர்டன்டர்ஃப் ஊருக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாவ்வில் ஜிம் வாசலில் சண்டைக்குக் கூப்பிட்டு, தோற்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போவான். அப்பாவை வென்றதும் நமக்கு கடலில் நீந்த உதவும் சர்ஃப் என்ற அடியைக் கொடுப்பது யார் தெரியுமா, வாலியின் அப்பா. அப்புறம் மணிக்கணக்கில் அவனை மறந்தே போயிருப்போம், லீக்குக்கு முந்தைய வெற்றிப் பாதை குகையில் முன்னால் வந்து நிற்பான், அந்த ரால்ட்ஸ் இப்போது 45ஆம் லெவல் கார்டெவ்வாராக. என்னிடமும் அதே பாதையில் பிடித்த கார்டெவ்வார். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் போட்டியாளினி மேயின் கதை லிலிகோவ் ஊரிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது, அந்தக் குறையை இவன் ஒருவனே ஈடுகட்டிவிடுகிறான்.

இனி குறை. லிலிகோவ் தாண்டியதும் தரை தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கடல், கடல், கடல். 124இல் தொடங்கி 134 வரை பாதை என்ற பெயரில் எல்லாமே தண்ணீர். ஐந்து எட்டு வைத்தால் ஒரு டென்டக்கூல், இன்னும் ஐந்து வைத்தால் விங்கல், தப்பித்தால் பெலிப்பர். புல் வேறு வேறாக இருந்தது, மழை, மணல்புயல், சாம்பல் எல்லாம் இருந்தது, இங்கே நீலத்துக்கு அப்பால் நீலம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா பையன் அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, "மாமா, இந்த கேம்ல ஊரே இல்லையா, ஒரே தண்ணியா இருக்கு?" என்றான். "இருக்குடா, தண்ணிக்கு அடியில போய் மேல வந்தா ஒரு ஊர் இருக்கு" என்றேன். அது உண்மையும்கூட, சூட்டோபோலிஸ் ஒரு எரிமலை வாய்க்குள் இருக்கும் ஊர், மூழ்கித்தான் போக வேண்டும், முதல் தடவை மேலே வந்து அந்த வெள்ளை வீடுகளைப் பார்க்கும்போது பட்ட கஷ்டம் கொஞ்சம் மறக்கும். கொஞ்சம்தான்.

மாக்மா கும்பல் நிலத்தைப் பெருக்கப் பார்க்கிறது, அக்வா கும்பல் கடலைப் பெருக்கப் பார்க்கிறது, இரண்டையும் நாம் தடுக்க வேண்டும் என்பது கதை. 128ஆம் பாதையில் நீந்திக்கொண்டிருந்தபோது மாக்மா கும்பல் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இந்தக் கடலில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கருப்புப் புல்லாங்குழல்தான். அதை ஊதினால் காட்டுப் போக்கிமான்கள் வருவது குறையும். சாம்பல் புல்வெளியில் வேலையில்லாமல் உழுத ஞாயிற்றுக்கிழமை இங்கே பலன் கொடுத்தது, கூடவே காட்டுப் போக்கிமான்களை அண்டவிடாத மேக்ஸ் ரிப்பெல் பை நிறைய.

வழியில் உள்ள தடைகளைத் தாண்ட உதவும் எச்எம் என்ற அடிகளின் தொல்லை தனி. மரம் வெட்ட ஒன்று, பாறை தள்ள ஒன்று, நீந்த, மூழ்க, அருவி ஏற, பறக்க என்று 8 இருக்கின்றன, ஒரு போக்கிமானுக்கு 4 அடிதான். கற்றுக்கொடுத்ததை மறக்கடிக்க லிலிகோவில் இருக்கும் ஒருவரிடம்தான் போக வேண்டும். கெளுத்தியின் நான்கில் மூன்று இடம் தண்ணீர் வேலைக்கே போனது. மீதி வேலைக்கு ஜிக்ஜாகூன், வளர்ந்து லினூன் ஆனபிறகும், கூலி ஆள் மாதிரி கடைசி வரை கூடவே வந்தான், லீக்கில் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

மாஸ்டீப் ஊரின் இரட்டையர் ஜிம் மட்டும் கடல் பகுதியில் நான் ரசித்தது. இரண்டுக்கு இரண்டு சண்டை. எதிரே இருக்கும் நான்கும் தரையில் கால் வைக்காத ஜாதி, நில வகை அடி ஒன்றுகூட எடுபடாது. கெளுத்தியின் சர்ஃப் இரண்டையும் ஒரே நேரத்தில் நனைக்கும் என்று தெம்பாகப் போனேன். சோல்ராக் வெயிலை வரவழைத்து, தண்ணீரின் பலத்தைக் குறைத்து, காத்திருக்காமல் உடனே சோலார்பீம் விட்டது, புல் வகை அடி கெளுத்திக்கு நான்கு மடங்கு. ஒரே அடி. மறுமுறை சோல்ராக்கைத்தான் முதலில் முடித்தேன்.

லீக்கில் சாம்பியன் வாலஸ், ஆறும் தண்ணீர் வகை, 55இலிருந்து 58 லெவல் வரை. எலக்ட்ரைக் வளர்ந்து ஆகும் மனெக்ட்ரிக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. லுடிகோலோ என்கிற அன்னாசிப்பழக் கோமாளி மட்டும் இரட்டைப் பிம்பம் போட்டு, விதை தூவி, நம்ம உயிரை உறிஞ்சிக்கொண்டு ஆடுவான், அவனுக்கு மட்டும் டெய்லோ வளர்ந்து ஆன ஸ்வெல்லோவை அனுப்பினேன். மொத்தம் 38 மணி நேரம். கை நடுங்க சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். இருந்தது.

அதற்கப்புறமும் பேட்டில் ஃப்ரண்டியர் இருக்கிறது, 7 அரங்கங்கள், ரூபி சஃபையரில் இல்லாதது. அதில் ஃபேக்டரி என் விருப்பம், வாடகைக்குக் கொடுக்கும் போக்கிமான்களை வைத்துச் சண்டை போட வேண்டும், வளர்த்த பாசம் எதுவும் செல்லாது, வகை தெரிந்திருந்தால்தான் பிழைப்பு. எல்லாவற்றையும் பிடிக்கிற ஆசை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாங்கூஸ், லூனடோன் போன்றவை எமரால்டில் காட்டில் கிடைக்கவே கிடைக்காது, இன்னொரு கேமும் இன்னொரு கருவியும் கேபிளும் வேண்டும்.

வாங்கலாமா என்றால், நடக்கப் பிடித்தவர்கள் வாங்குங்கள், அசலா என்று பார்த்து. வேகமாக முடித்துவிட்டு அடுத்த கேமுக்கு ஓடுகிறவர்கள் கடலில் எறிந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, இதில் ஒரே ஒரு சேவ்தான். வீட்டில் இரண்டு பேர் ஆட முடியாது, புது ஆட்டம் தொடங்கிச் சேவ் செய்தால் பழையது போச்சு. அக்கா பையன் தானும் ஆட வேண்டும் என்று கேட்டான். 38 மணி நேரத்தைக் கொடுக்க மனசு வரவில்லை, மேஜை இழுப்பறையில் கிடந்த போலியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். லீக் வரைக்கும் அது நன்றாகத்தானே ஓடும். அவன் இப்போதுதான் இரண்டாவது ஜிம்மில் இருக்கிறான், உண்மையைச் சொல்ல இன்னும் 7 பேட்ஜ் நேரம் இருக்கிறது.