மான்சனார்: திரும்பக் கட்டுறதா, தோண்டி எடுத்து அப்படியே விடுறதா?

கலிபோர்னியா ஓவன்ஸ் பள்ளத்தாக்குல இருக்கிற மான்சனார்ல இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942-லேர்ந்து 1945 வரைக்கும், அமெரிக்க அரசு ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்ல அடைச்சு வச்சிருந்துச்சு, ஒரு கட்டத்துல 10,000 பேருக்கு மேல. போர் முடிஞ்சதும் அவங்க தங்கியிருந்த பாரக்ஸ் (நீளமான பலகைக் கொட்டகை) எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதனால 1992-ல தேசிய வரலாற்றுத் தலமா அறிவிச்சப்போ ஆடிட்டோரியம், ரெண்டு கல் செக்போஸ்ட், கல்லறைத் தூண், இவ்வளவுதான் முழுசா நின்னுச்சு.

திரும்பக் கட்டுறதுல லாபம் உடனே தெரியும். 20க்கு 25 அடி ரூம்ல எட்டு பேர்னு படிச்சா புரியாது, முகாமோட பிளாக் 14 பகுதியில திரும்பக் கட்டி வச்சிருக்கிற பாரக்ஸ் உள்ள நின்னா புரியும். ஆனா பலகை எல்லாம் புதுசு, அன்னைக்கு இடுக்கு வழியா உள்ள வந்த புழுதி இதுல எங்க இருக்கு?

இன்னொரு வழி தோண்டி எடுத்து அப்படியே விடுறது, அதுக்கு உதாரணம் தோட்டங்கள். உள்ள இருந்தவங்களே குளம் வெட்டி பாறை அடுக்கி மெரிட் பார்க்குனு ஒண்ணு உண்டாக்கினாங்க, பிறகு மண்ணு மூடிப்போச்சு, இப்போ தோண்டி வெளிய எடுத்திருக்காங்க. காஞ்ச குளம்தான், தெரியாம வர்றவங்களுக்கு வெறும் கல்லாதான் தெரியும் (பக்கத்துல போர்டு வச்சா போதும்). என் ஓட்டு இதுக்குத்தான், ஏன்னா இது அவங்க கைப்பட்ட கல்லு. பழைய காவல் கோபுரம் மாதிரியே ஒண்ணு 2005-ல கட்டிட்டாங்க, அன்னைக்கு மொத்தம் எட்டு இருந்துச்சுங்கிறதுக்காக மிச்சத்தையும் கட்டணும்னு இல்ல.