காஸ் பர்னஸ் பல குளிர்காலப் பாவனையில்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது

கனடாவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான, வீட்டைச் சூடாக்கும் காஸ் பர்னஸ்கள் பொதுவாக 95 சதவீதத் திறனுக்குக் குறையாதவை. டொராண்டோப் பக்கம் ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் பழைய பர்னஸை மாற்றினால் வருவது இந்த வகைதான். பல குளிர்காலம் ஓட்டிய பிறகு சின்னச் சுடர், பெரிய சுடர் என்று இரண்டு கட்டமாக எரியும் மாடலைத் தயங்காமல் சொல்லலாம். பெரும்பாலான நேரம் சின்னக் கட்டத்திலேயே ஓடும், சத்தம் குறைவு, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. குறை ஒன்றுதான். பழைய பர்னஸைவிட இதில் சென்சரும் சுவிட்சும் அதிகம், அதில் ஒன்று சம்மதிக்காவிட்டாலும் முழுப் பர்னஸும் நின்றுவிடும். வெளியே மைனஸ் 20 இருக்கும் இரவில்தான் பெரும்பாலும் அது நடக்கும்.

முதலில் அது பற்றும் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி, அதாவது இன்டியூசர், சுற்றத் தொடங்கும். காற்று சரியாக இழுபட்டால், அதை உணரும் பிரஷர் சுவிட்ச் மூடி மின்சாரத்தைக் கடத்தும். பிறகு காஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச்செவேல் என்று பழுக்கும். காஸ் வால்வு திறந்து சுடர் பிடிக்கும். சுடர் இருப்பதைச் சில நொடிக்குள் பிளேம் சென்சர் உறுதிசெய்ய வேண்டும். அரை நிமிடம் அளவில் வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி, அதாவது புளோவர், ஓடி, சூடான காற்று வரும். பர்னஸ் கதவருகே நின்று காது கொடுத்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியும். அதற்கு முன் எதையும் கழற்றத் தேவையில்லை.

ஒரு சத்தமும் இல்லையென்றால் மின்சாரம் அல்லது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டில் பற்றரி, ஹீட் நிலை, அறைச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கூட வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பர்னஸின் பக்கத்திலோ நிலவறைப் படிக்கட்டின் மேலேயோ இருக்கும் சுவிட்ச். லைட் சுவிட்ச் போலவே இருப்பதால் யாராவது அணைத்துவிடுவது சர்வசாதாரணம். பிறகு பிரேக்கர். பிறகு புளோவர் பக்கத்துக் கதவு: பில்டர் மாற்றியபின் அது சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே உள்ள டோர் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும்.

கதவைத் திறக்குமுன் அதிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியாக, உள்ளே கட்டுப்பாட்டு போர்டில் உள்ள லைட் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்குதான் பழுதின் குறி. கதவைத் திறந்தால் மின்சாரம் போகும், பல மாடல்களில் குறியும் அழிந்துவிடும். குறியின் பொருள் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும்.

லைட்டே எரியாவிட்டால் அந்த போர்டில் இருக்கும், காரில் போடுவது போன்ற ப்யூஸைப் பாருங்கள். ஊதா என்றால் 3 ஆம்ப், வெளிர் பழுப்பு என்றால் 5 ஆம்ப். கார்ச் சாமான் கடையில் கிடைக்கும், ஆனால் அதே ஆம்ப்தான் போட வேண்டும். போட்டதும் மறுபடி போனால் 24 வோல்ட் வயர் எங்கோ ஒட்டுகிறது. வெளியே ஏசிக்குப் போகும் மெல்லிய வயர் புல் வெட்டும்போது அறுபட்டிருப்பது இதற்கு அடிக்கடி காரணம்.

இன்டியூசர் ஓடுகிறது, ஆனால் இக்னைட்டர் பழுக்கவில்லை என்றால், இந்த நாட்டில் முதல் சந்தேகம் ஸ்னோதான். வீட்டுக்கு வெளியே இரண்டு அல்லது மூன்று அங்குல வெள்ளை பிவிசி குழாய்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே எடுக்கும், மற்றது புகையை வெளியே விடும். காற்றில் அடித்துச் சேர்ந்த ஸ்னோ இவற்றை மூடினால் பிரஷர் சுவிட்ச் மூடாது. கையால் சுற்றிவர ஓர் அடி தள்ளிவிடுங்கள், குழாய் வாயில் பனிக்கட்டி இருந்தால் மெதுவாக உடையுங்கள். அடுத்த சந்தேகம் தண்ணீர். இந்த வகைப் பர்னஸ் கடுங்குளிரில் நாளுக்குப் பல லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். அந்த வடிகுழாயிலும், அதில் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பிலும் வழுவழுப்பான அழுக்குப் படிந்து அடைத்தால் தண்ணீர் திரும்பி ஏறி அதே பிரஷர் சுவிட்சை நிறுத்தும். டிராப்பைக் கழற்றி வெந்நீரில் கழுவி, சுத்தத் தண்ணீர் நிரப்பி மாட்டுங்கள். பம்ப் வழியாகத் தண்ணீர் போகும் வீடுகளில் பம்ப் நின்றாலே பர்னஸும் நிற்கும்படி இணைத்திருப்பார்கள்.

காற்றும் தண்ணீரும் சரியாக இருந்தும் பழுக்கவில்லையென்றால் இக்னைட்டரே போயிருக்கும். சாம்பல் நிற சிலிக்கன் கார்பைட் வகையில் மெல்லிய விரிசல் கண்ணுக்கே தெரியும். புதியதைப் போடும்போது அந்தப் பகுதியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடேறி அங்கேயே விரிசல் விடும். சிலிக்கன் நைட்ரைட் வகை கூடுதல் காலம் உழைக்கும், உங்கள் மாடலுக்குப் பொருந்துவது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சுடர் பிடித்து நாலைந்து நொடியில் அணைகிறது, மறுபடி பிடிக்கிறது, மறுபடி அணைகிறது. இதுதான் இந்தப் பர்னஸ்களின் மிகப் பொதுவான வருத்தம், காரணம் பெரும்பாலும் அழுக்கான பிளேம் சென்சர். பர்னரின் கடைசியில் வெள்ளைப் பீங்கான் அடியோடு நிற்கும் மெல்லிய கம்பி அது. சுடர் வழியே அதில் பாயும் மின்னோட்டம் சில மைக்ரோஆம்ப் மட்டுமே. கம்பியில் படலம் படிந்தால் அதுவும் குறையும், சுடர் இல்லையென்று போர்ட் நினைத்துக் காஸை மூடும். மின்சாரத்தை அணையுங்கள், கால் அங்குல நட் டிரைவரால் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், மெல்லிய ஸ்டீல் வுல்லால் கம்பி பளிச்சென்று வரும்வரை தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். முரட்டு மணல்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். பீங்கானில் விரிசல் கண்டால் மாற்றத்தான் வேண்டும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இதைச் செய்தால் போதும்.

புளோவர் ஓடுகிறது, வருவது குளிர்காற்று என்றால் பில்டரைப் பாருங்கள். அடைத்த பில்டரால் பர்னஸ் அளவுக்கு மீறிச் சூடேறி, லிமிட் சுவிட்ச் பர்னரை நிறுத்தியிருக்கும். ஒரு அங்குல பில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். நம் சமையலில் தாளிப்பும் பொரியலும் அதிகம் என்பதால் ஹூட் விசிறி போடாத வீடுகளில் அது இன்னும் சீக்கிரம் அடைக்கும். பில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு மெர்வ்; ஒரு அங்குலச் சட்டத்தில் மெர்வ் 13 போடுவது காற்றை நெரிக்கும், 8 தாராளம். பர்னஸ் பக்கத்தில் பிளீச் போத்தல் வைக்காதீர்கள். அதன் ஆவி சென்சரையும், சுடரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அரிக்கும்.

பலமுறை முயன்று தோற்றதும் போர்ட் லாக் ஆகிவிடும். சுவிட்சை அரை நிமிடம் அணைத்துப் போட்டால் விடுபடும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அப்படிச் செய்வது ஆபத்து. பிரஷர் சுவிட்சையோ லிமிட் சுவிட்சையோ வயர் போட்டுத் தாண்டவே கூடாது, கார்பன் மொனாக்சைட் உங்கள் படுக்கையறைக்கு வராமல் காப்பவை அவைதான். காஸ் வால்வு, பர்னர், குழாய் எதிலும் கை வைக்காதீர்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்றவர் வேண்டும், வீட்டுப் பர்னஸுக்கு ஜி2 என்ற காஸ் டெக்னீசியன் உரிமம். காஸ் மணம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து போன் செய்யுங்கள்.

டெக்னீசியன் வரும்வரை சமையல் ஓவனைத் திறந்துவைத்து வீட்டைச் சூடாக்க வேண்டாம். சமையலறை சிங்குக்குக் கீழேயுள்ள அலுமாரிக் கதவைத் திறந்து, குழாயை மெல்லிய நூலாக ஓடவிட்டால் தண்ணீர் உறைவது தள்ளிப்போகும். அழைக்கும்போது மாடல் எண்ணையும் லைட் மின்னிய கணக்கையும் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் சொல்லுங்கள், சரியான பாகத்தோடு வருவார். மாடல் எண் கதவின் உள்ளே ஒட்டியிருக்கும். குளிர் தொடங்குமுன்பே அதைப் போனில் படமெடுத்து வைத்து, அந்த எண்ணுக்குரிய இக்னைட்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. சனிக்கிழமை இரவு அதை எந்தக் கடையிலும் தேடிப் பிடிக்க முடியாது.